பழைய லேப்டாப்புக்கு ஏசி1200 வைஃபை அடாப்டர்: வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

உள்ளே இருக்கும் வைஃபை கார்டு 802.11ஜி ரகம் என்றால், ரவுட்டர் எவ்வளவு புதிதாக இருந்தாலும் உச்சம் 54 எம்பிபிஎஸ்தான். கைக்கு வருவது 20, 25. 5 கிகாஹெர்ட்ஸ் நெட்வொர்க் அதன் கண்ணிலேயே படாது. இந்தக் குறைக்கு ஏசி1200 யூஎஸ்பி அடாப்டர் நல்ல மருந்து. ஆனால் பெட்டியில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

அந்த 1200, இரண்டு வேகங்களின் கூட்டுத்தொகை: 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867 எம்பிபிஎஸ். ஒரு நேரத்தில் ஒரு பேண்ட்தான் (அலைவரிசை) வேலை செய்யும். அதிலும் லேப்டாப்பில் இருப்பது யூஎஸ்பி 2.0 என்றால் போர்ட்டே 480 எம்பிபிஎஸ். நடைமுறையில் 300 தொட்டாலே பெரிது. நீல நாக்கு உள்ள 3.0 போர்ட் இல்லாதவர்களுக்கு ஏசி600 (150 + 433) போதும். ஏசி1200இல் கூடுதலாகக் கிடைப்பது இரண்டாவது ஆன்டெனா. ரவுட்டர் இரண்டு சுவர் தள்ளி இருந்தால் அதற்கு மதிப்பு உண்டு. நகம் அளவு அடாப்டர்கள் பார்க்க அழகு, சிக்னலில் சுமார், சூடும் அதிகம்.

மாடல் பெயரைவிட உள்ளிருக்கும் சிப்தான் முக்கியம். ஒரே பெயரில் வி1, வி2 என்று வரும், சிப் மாறியிருக்கும். செருகிய பின் டிவைஸ் மேனேஜரில் ஹார்ட்வேர் ஐடி பாருங்கள்: 0பிடிஏ (0BDA) என்றிருந்தால் பெரும்பாலும் ரியல்டெக், 0இ8டி (0E8D) என்றிருந்தால் மீடியாடெக். லினக்ஸ் போட்டவர்கள் எம்டி7612யூ (MT7612U) சிப்பைத் தேடி வாங்கலாம், கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) 4.19 முதல் டிரைவர் (கருவியை இயக்கும் மென்பொருள்) உள்ளேயே இருக்கிறது.

விண்டோஸில் டிரைவர் பல நேரம் சிடியில் வரும், லேப்டாப்பின் சிடி டிரைவ் படுத்திருக்கும். டவுன்லோட் செய்ய நெட் வேண்டும், நெட்டுக்கு அடாப்டர் வேண்டும்! ஆண்ட்ராய்டு போனை கேபிளில் மாட்டி யூஎஸ்பி டெதரிங் (போனின் நெட்டை லேப்டாப்புக்குக் கொடுக்கும் வசதி) போட்டால் போதும். போன் வைஃபையில் இருந்தால் டேட்டாவும் செலவாகாது. டிரைவர் ஏறியதும் பழைய உள் கார்டை டிசேபிள் செய்யுங்கள். இல்லாவிட்டால் விண்டோஸ் அதன் வழியாகவே இணைந்துகொண்டு, புது அடாப்டர் சும்மா உட்கார்ந்திருக்கும். அடாப்டரின் பவர் மேனேஜ்மென்ட் பக்கத்தில், மின்சாரம் சேமிக்க அணைக்கலாம் என்ற டிக்கையும் எடுத்துவிடுங்கள். சற்று நேரம் தொடாமல் வைத்தால் நெட் அறுந்துபோவதற்கு அடிக்கடி இதுவே காரணம்.

பாஸ்வேர்ட் சரி, ஆனாலும் இணையவில்லையா? ரவுட்டரில் பாதுகாப்பு முறை புதிய டபிள்யூபிஏ3 (WPA3) மட்டும் என்று இருக்கலாம். விண்டோஸ் 7, 8.1க்கு அது தெரியாது. விண்டோஸ் 10இலும் 1903 பதிப்பிலிருந்துதான். ரவுட்டரில் டபிள்யூபிஏ2/டபிள்யூபிஏ3 கலப்பு முறைக்கு மாற்றினால் தீரும். 2.4 நெட்வொர்க்கின் பெயரே தெரியாவிட்டால் ரவுட்டரில் சேனல் 12, 13ஐ விட்டு 1, 6, 11இல் ஒன்றை வையுங்கள்.

நீல போர்ட்டில் ஒரு வில்லங்கம் உண்டு. யூஎஸ்பி 3.0 கிளப்பும் இரைச்சல் 2.4 கிகாஹெர்ட்ஸ் மேலேயே விழும். வைஃபை தடுமாறும், பக்கத்தில் செருகிய வயர்லெஸ் மவுஸும் குதிக்கும். 5இல் இணைந்தால் வைஃபைக்குத் தொல்லையில்லை. 2.4தான் கதி என்றால் அரை மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் அடாப்டரைத் தள்ளி வையுங்கள்.

எல்லாம் இணைந்தும் தளங்கள் சான்றிதழ் பிழை காட்டினால், அடாப்டரைத் திட்டும் முன் மூலையில் உள்ள தேதியைப் பாருங்கள். சிமாஸ் பேட்டரி (கடிகாரத்தை ஓடவைக்கும் சிறு பேட்டரி) தீர்ந்த லேப்டாப் சில வருடம் பின்னால் நிற்கும். தேதியைத் திருத்தினால் தளம் திறக்கும், பேட்டரியை மாற்றும் வரை ஒவ்வொரு முறையும் திருத்த வேண்டியதுதான்.

ஆனால் லேப்டாப்பின் ஓரத்தில் லேன் சாக்கெட் இருந்து, ரவுட்டரும் அதே அறையில் என்றால் இந்த அடாப்டரே வேண்டாம். ஒரு கேட்5இ (Cat5e) நெட்வொர்க் கேபிள் போதும். இரு முனையிலும் கிகாபிட் போர்ட்டாக இருந்தும் வேகம் 100 எம்பிபிஎஸ்ஸில் நின்றால், பெரும்பாலும் கேபிளுக்குள் ஒரு ஜோடிக் கம்பி அறுந்திருக்கிறது.