பிசியாலஜி ஹானர்ஸ்: ஒரு வருடம் படித்து முடித்தபின் என் மதிப்பீடு

மூன்று வருடம் பி.எஸ்சி. பிசியாலஜி (உடலியங்கியல்) முடித்துவிட்டு, மேலே படிப்பதா, வேலைக்குப் போவதா என்று தெரியாமல் நின்ற நேரத்தில் ஹானர்ஸில் சேர்ந்தேன். ஹானர்ஸ் என்றதும் பலருக்கு இளங்கலைப் பட்டத்தோடு ஒட்டி வரும் சொல்தான் நினைவுக்கு வரும். நான் சொல்வது வேறு. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா மாதிரி நாடுகளில் மூன்று வருடப் பட்டம் வாங்கிய பிறகு தனியாக விண்ணப்பித்துச் சேரும் ஒரு வருடப் படிப்பு இது. தென்னாப்பிரிக்காவில் இதை முடித்தவர்கள்தான் எம்.எஸ்சி.க்குப் போகிறார்கள். ஆஸ்திரேலியாவில் முதல் வகுப்பு எடுத்தால் எம்.எஸ்சி. இல்லாமலே பிஎச்.டி.க்குப் போகிற வழி உண்டு. நான் படித்த பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. குறைகளையும் எழுதப் போகிறேன். தவிர, இந்தப் படிப்பின் அமைப்பு எங்கே போனாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான்.

வகுப்புகள், வாராந்திர ஜர்னல் கிளப், கருத்தரங்கு, இவற்றோடு சொந்தமாக ஓர் ஆய்வு. கடைசியில் ஆய்வறிக்கை, வைவா என்ற வாய்மொழித் தேர்வு. வகுப்புகளைப் பற்றி அதிகம் சொல்ல எதுவுமில்லை. இளங்கலையில் படித்ததையே கொஞ்சம் ஆழமாகப் படித்தோம், அவ்வளவுதான். இந்த வருடத்தின் உயிர் ஆய்வில் இருக்கிறது.

என் ஆய்வு கேட்பதற்கு மிகச் சின்னது. 1937-ல் ஆலம், ஸ்மர்க் என்ற இருவர் ஒரு விஷயத்தை எழுதினார்கள். தசை வேலை செய்யும்போது அதில் சேரும் கழிவுப்பொருள்களை ரத்தம் அடித்துக்கொண்டு போகாமல் தடுத்துவிட்டால், வேலை நின்ற பிறகும் ரத்த அழுத்தம் இறங்காமல் மேலேயே நிற்கும் என்பது அது. இன்று இதற்கு மெட்டபோரிஃப்ளெக்ஸ் என்று பெயர். இந்தச் சோதனையை ஒரே ஆளிடம் ஒரு வாரம் விட்டு மறுபடி செய்தால் அதே அளவு கிடைக்குமா? என் கேள்வி இவ்வளவுதான்.

செய்முறை இப்படி. கைப்பிடியின் பலத்தை அளக்கும் டைனமோமீட்டரைக் கையில் கொடுத்து, முழு பலத்தோடு மூன்று முறை அழுத்தச் சொல்வேன். அதில் பெரிய எண்ணை எடுத்து, அதன் 30 சதவீதத்தைத் திரையில் ஒரு கோடாகப் போட்டுவிடுவேன். அந்தக் கோட்டைவிட்டு இறங்காமல் 2 நிமிடம் பிடித்திருக்க வேண்டும். 30 சதவீதம்தானே என்று எல்லோரும் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்பார்கள். ஒரு நிமிடம் தாண்டியதும் முகம் மாறும். உதட்டைக் கடிப்பார்கள், மூச்சைப் பிடிப்பார்கள். மூச்சைப் பிடித்தால் அழுத்தம் அதனாலேயே தாறுமாறாகிவிடும் என்பதால் "மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பேன். முடிவதற்குச் சில விநாடிகள் இருக்கும்போதே மேல்கையில் கட்டிய கஃப்பை, அதாவது ரத்த ஓட்டத்தை அடைக்கும் காற்றுப் பட்டையை, 220 மில்லிமீட்டர் பாதரசத்துக்கு ஏற்றிவிட்டு, கையைத் தளர்த்தச் சொல்வேன். மூன்று நிமிடம் கஃப் அப்படியே இருக்கும்.

அடுத்து வருவதை நான் எத்தனை முறை பார்த்திருந்தாலும் இன்றும் பார்க்க உட்காருவேன். ஈசிஜி திரையில் இதயத் துடிப்பு மளமளவென்று இறங்கி ஓய்வு நிலைக்கு வந்துவிடும். ரத்த அழுத்தம் மட்டும் இறங்காது. அழுத்து என்று மூளை கையோடு சேர்த்து இதயத்துக்கும் அனுப்பிக்கொண்டிருந்த கட்டளை நின்றுவிட்டதால் துடிப்பு இறங்குகிறது. ஆனால் முன்கையில் சிக்கிக்கிடக்கும் கழிவுப்பொருள்கள் மெல்லிய நரம்பு இழைகளைத் தூண்டிக்கொண்டே இருக்கின்றன, ரத்தக்குழாய்கள் சுருங்கியே இருக்கின்றன. கஃப்பை அவிழ்த்த உடனே அழுத்தம் விழும். பாடப்புத்தகத்தில் துடிப்பும் அழுத்தமும் சேர்ந்தே ஏறி இறங்குவதாக மனதில் பதித்து வைத்திருந்த எனக்கு, இரண்டும் பிரிந்து போவதைக் கண்ணெதிரே பார்த்த நாள் பெரிய நாள்.

இதைச் செய்ய அனுமதி வாங்குவது தனிக் கதை. மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வு எதுவானாலும் நெறிமுறைக் குழு ஒப்புதல் வேண்டும்; மருத்துவ ஆய்வு நெறிமுறைகளைச் சொல்லும் 1964-ன் ஹெல்சிங்கி பிரகடனத்தில் 1975-ல் சேர்க்கப்பட்ட ஒழுங்கு அது. என் விண்ணப்பம் இரண்டு முறை திரும்பி வந்தது. முதல் முறை அவர்கள் கேட்டிருந்த கேள்வி: ரத்த ஓட்டத்தை அடைத்துவைத்தால் வலிக்குமே, பங்கேற்பவருக்குக் கொடுக்கும் தகவல் தாளில் அது ஏன் இல்லை? "லேசான அசௌகரியம்" என்று பழைய தாள் ஒன்றிலிருந்து எடுத்துப் போட்டிருந்தேன். என் சூப்பர்வைசர் விண்ணப்பத்தைத் திருத்தித் தரவில்லை. நாற்காலியில் என்னை உட்காரவைத்து என் கையிலேயே கஃப்பைக் கட்டினார். கை வெளிறியது, பிறகு நீலம் பாய்ந்தது, உள்ளே எரிந்தது, விரல்கள் மரத்தன. அவிழ்த்ததும் சூடு பரவி ஊசி குத்துவது போல் இருந்தது. அன்று மாலையே தாளை மாற்றி எழுதினேன்: எரியும், மரத்துப்போகும், எந்த நொடியிலும் நிறுத்தச் சொல்லலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. இந்த ஒரு பிற்பகலுக்காகவே இந்தப் படிப்பை மற்றவர்களுக்குச் சொல்வேன்.

எட்டாவது ஆளிடம்தான் தவறு வெளிப்பட்டது. கஃப் ஏற்றிய பிறகும் அவருடைய அழுத்தம் சரிந்துகொண்டே போனது. சிலருக்கு இந்த எதிர்வினை குறைவாக இருக்கும் என்று படித்திருந்தேன். அதனால் சந்தோஷமாக அதைப் பற்றி ஒரு பத்தியே எழுதிக் கொண்டுபோய்க் கொடுத்தேன். சூப்பர்வைசர் படித்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்த மூணு நிமிஷமும் கஃப் எவ்வளவுல இருந்துச்சு?" எனக்குத் தெரியவில்லை. ஏற்றும்போது 220 பார்த்தேன், அதோடு சரி. லேப் டெக்னீஷியன் ரப்பர் குழாயை சோப்புத் தண்ணீரில் அமுக்கினார். இணைப்பில் சின்னச் சின்னக் குமிழ்கள் வந்தன. எந்த நாளிலிருந்து கசிகிறது என்று சொல்ல வழியே இல்லை. கடைசியாகச் சரிபார்த்த தேதிக்குப் பிறகு எடுத்த எல்லா அளவுகளையும் ஒதுக்கினோம். ஆட்களைத் திரும்பக் கூப்பிட்டேன். இரண்டு பேர் வரவில்லை.

அன்று அழுதேன். ஆனால் யாரும் திட்டவில்லை என்பதை இங்கே எழுதியே ஆக வேண்டும். டெக்னீஷியன் கஃப்பில் இன்னொரு அழுத்தமானியைப் பொருத்தி, அதன் அளவும் கைப்பிடி பலம், ரத்த அழுத்தம், ஈசிஜியோடு சேர்ந்து ஒரே திரையில் பதிவாகும்படி செய்து கொடுத்தார். அன்றிலிருந்து என் பதிவுகளில் நான்காவது கோடு ஒன்று உண்டு. வைவாவில் வெளித் தேர்வாளர் கேட்ட முதல் கேள்வியே, ரத்த ஓட்டம் முழுதாக அடைபட்டது என்பதற்கு என்ன சாட்சி என்பதுதான். பின்னிணைப்பைத் திறந்து அந்தக் கோட்டைக் காட்டினேன்.

இப்போது குறைக்கு வருகிறேன், இதில் எனக்கு உண்மையான கோபம் இருக்கிறது. புள்ளியியல் பாடத்தை இரண்டாம் பாதியில் வைத்திருந்தார்கள். அதற்குள் எல்லோரும் ஆய்வை வடிவமைத்து, அனுமதி வாங்கி, பாதி ஆட்களை அளந்து முடித்திருந்தோம். எத்தனை பேர் தேவை என்ற கணக்கை முந்தைய வருட அறிக்கையைப் பார்த்துத்தான் எழுதினேன். ஏன் 80 சதவீதத் திறன் (உண்மையில் இருக்கும் வித்தியாசத்தை ஆய்வு கண்டுபிடிக்கும் வாய்ப்பு), எந்த அளவு வித்தியாசத்தைப் பிடிக்க, என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. என் கேள்வியே இரண்டு அளவுகள் ஒத்துப்போகின்றனவா என்பது. அதற்கு நான் முதலில் போட்டது கோரிலேஷன், அதாவது இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று காட்டும் எண். முதல் வாரத்தைவிட இரண்டாம் வாரம் எல்லோருக்கும் சரியாக 10 மில்லிமீட்டர் கூடினால் கோரிலேஷன் 1 என்றுதான் வரும், அளவுகளோ ஒன்றுகூட ஒத்துப்போகாது. பிளாண்ட், ஆல்ட்மன் என்ற இரு புள்ளியியலாளர்கள் 1986-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் இதைத் தெளிவாக எழுதிவிட்டார்கள். வித்தியாசத்தை ஒரு அச்சிலும் சராசரியை இன்னொரு அச்சிலும் போட்டுப் பார்க்கச் சொன்ன அந்தக் கட்டுரையை நான் படித்தபோது ஆய்வில் முக்கால்வாசி முடிந்திருந்தது. இந்தப் பாடத்தை முதல் மூன்று வாரத்தில் வைப்பதற்கு என்ன தடை என்று கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்தேன். என்னைப் போல இன்னும் பலர் எழுதியதும் தெரியும்.

ஜர்னல் கிளப் நன்றாக இருந்தது. வாரம் ஒருவர் ஒரு கட்டுரையை எடுத்துப் பேச வேண்டும். எனக்கு வந்தது ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் 1952-ல் எழுதிய கட்டுரை, கணவாய் மீனின் தடித்த நரம்பிழையை வைத்து நரம்புத் துடிப்பைச் சமன்பாடுகளாக எழுதியது. 1963-ல் நோபல் பரிசு வாங்கித் தந்த வேலை. சமன்பாடுகள் எனக்கு முழுதாகப் பிடிபடவில்லை. ஆனால் கேம்பிரிட்ஜில் கம்ப்யூட்டர் கிடைக்காமல், கையால் சுற்றும் கணக்கு இயந்திரத்தை வைத்து ஹக்ஸ்லி நாள்கணக்கில் சுற்றிச் சுற்றி ஒரு துடிப்பின் வடிவத்தை வரவழைத்தார் என்பதைப் படித்துவிட்டு, அன்று இரவு என் எக்செல் தாளை மூடாமல் வேலை பார்த்தேன். முதல் மாதம் எல்லோரும் கட்டுரையின் சுருக்கத்தைத்தான் ஒப்பித்தோம். நான்காவது மாதம் வரும்போது நேராக செய்முறைப் பகுதிக்குப் போய், காபி குடிக்கக் கூடாது என்று சொன்னார்களா, அறை வெப்பநிலை எவ்வளவு என்று தேடினோம். நாங்கள் மாறியதை வேறெங்கும் இவ்வளவு தெளிவாகப் பார்க்கவில்லை.

சூப்பர்வைசர் விஷயத்தில் எனக்கு அதிர்ஷ்டம். வாரம் ஒரு மணி நேரம், கதவு சாத்தி, போன் அணைத்து உட்காருவார். என்னோடு சேர்ந்த தோழிக்கு வேறு லேப். செல் வளர்ப்பு ஆய்வு. இரண்டு முறை பூஞ்சை பிடித்து மொத்தமும் போனது. அவளுடைய சூப்பர்வைசர் வெளியூர்ப் பயணங்களில் இருந்தார். வாரக்கணக்கில் மின்னஞ்சலுக்குப் பதில் வராது. ஒரே படிப்பு, ஒரே சான்றிதழ். அவள் கற்றதும் நான் கற்றதும் ஒன்றல்ல. என்னைவிட நன்றாகப் படிப்பவள் அவள். இவ்வளவு பெரிய வேறுபாட்டைத் துறை கண்டுகொள்ளாமல் விட்டதை என்னால் மன்னிக்க முடியவில்லை. பத்து மாதப் படிப்பில் இரண்டு மாதம் வழிகாட்டல் இல்லாமல் போனால் அதை ஈடுகட்ட நாளே கிடையாது. இரண்டாவது சூப்பர்வைசர் ஒருவரைக் கட்டாயமாக்கினாலே பாதி சிக்கல் தீரும்.

சேரலாமா என்று கேட்பவர்களுக்கு: ஆய்வுப் பக்கம் போகும் எண்ணம் இருந்தால் தயங்காமல் சேரலாம். இரண்டு வருட எம்.எஸ்சி.யில் மாட்டிக்கொள்வதற்கு முன்னால், லேப் வாழ்க்கை நமக்கு ஒத்துவருமா என்று ஒரே வருடத்தில் தெரிந்துவிடும். மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்கும்வரை ஒரு வருடத்தை ஓட்ட வேண்டும் என்பதற்காக மட்டும் சேர வேண்டாம். எங்கள் குழுவில் அப்படிச் சேர்ந்த இருவர் ஆய்வறிக்கை எழுதும் மாதங்களில் மிகவும் சிரமப்பட்டார்கள்.

விண்ணப்பிப்பதற்கு முன் துறையின் பெயரைவிட லேபின் உள்ளே விசாரியுங்கள். நெறிமுறை ஒப்புதல் ஏற்கெனவே வாங்கியாயிற்றா, இல்லை நீங்கள்தான் வாங்க வேண்டுமா? கருவி யாருடையது, பழுதானால் யார் பார்ப்பார்கள்? சூப்பர்வைசர் அந்த வருடம் ஊரில் இருப்பாரா? புள்ளியியலுக்கு உதவ ஆள் உண்டா? முடிந்தால், போன வருட மாணவரின் லேப் நோட்டைப் பார்க்கக் கேளுங்கள். என்னுடையது இன்னமும் அந்த லேபின் அலமாரியில் இருக்கிறது. யார் கேட்டாலும் எடுத்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். எட்டாவது ஆளின் பக்கத்தில் சிவப்பு மையில் "கஃப் கசிவு, இந்த அளவு செல்லாது" என்று என் கையெழுத்தும் தேதியும் இருக்கும்.