பி0420 வந்தால் கொன்வெர்ட்டரைக் கழற்றுவதற்கு முன்: மலிவு ஓபிடி ஸ்கேனர், மூன்று வருடப் பாவனை

வெள்ளவத்தை நண்பர் ஒருவர் கேட்ட கேள்விதான் இதை எழுத வைத்தது. "மச்சான், செக் எஞ்சின் லைட் எரியுது. கராஜில பி0420 எண்டு காட்டிச்சு, கொன்வெர்ட்டர் மாத்த வேணுமாம். உன்ட அந்தச் சின்ன ஸ்கேனர் நல்லதா? நானும் ஒண்டு வாங்கவா?"

இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன். பி0420 என்பது, புகையில் உள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கட்டலிட்டிக் கொன்வெர்ட்டரின் திறன் குறைந்துவிட்டது என்று காரின் கணினி பதியும் பிழைக் கோட். காரின் கணினியில் உள்ளதைப் போனில் காட்டும் ஈஎல்எம் 327 வகை புளூடூத் ஓபிடி ஸ்கேனரை எங்கே செருகுவது, எந்தச் செயலியோடு இணைப்பது என்பதெல்லாம் இதை வாசிப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். மூன்று வருடமாகப் பாவித்ததில் எனக்கு ஆறாத எரிச்சல் ஒன்றுதான்: இதன் மந்தம். கோட் வாசிக்க, கூலன்ட் வெப்பநிலை பார்க்க, பற்றரி வோல்டேஜ் பார்க்க அந்த மந்தம் தடையில்லை. கொன்வெர்ட்டரைச் சோதிக்கும்போதுதான் அது ஆளையே பிழையான முடிவுக்குத் தள்ளுகிறது.

ஏன் என்றால், அங்கே நாம் பார்ப்பது ஓர் எண்ணை அல்ல, கொன்வெர்ட்டருக்கு முன்னாலும் பின்னாலும் இருக்கும் இரண்டு சென்சர்களின் ஆட்டத்தை. சாதாரண ஒக்சிஜன் சென்சர் முன்னால் இருக்கும் கார்களில், எஞ்சின் சூடாகி 2500 ஆர்பிஎம்மில் நிற்கும்போது முன் சென்சர் 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே மேலும் கீழும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். 10 செக்கனில் 8 தடவையாவது மாறினால் அந்தச் சென்சர் ஆரோக்கியம். கொன்வெர்ட்டரின் தேன்கூட்டுப் பூச்சில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியத்தோடு சீரியம் ஒக்சைட்டும் இருக்கிறது. அது ஒக்சிஜனை வாங்கி வைத்துத் தேவைப்படும்போது விடுகிறது. அதனால்தான் பின் சென்சர் 0.6, 0.7 வோல்ட் அளவில் அமைதியாக நிற்கிறது. அந்தச் சேமிப்புச் சக்தி தேய்ந்தால், முன்னால் ஆடுவது பின்னாலும் ஆடத் தொடங்கும். காரின் கணினி பி0420 போடுவது இந்த ஆட்டத்தைப் பார்த்துத்தான். புகையில் என்ன வாயு எவ்வளவு இருக்கிறது என்று அது அளப்பதே இல்லை.

இப்போது மலிவு ஸ்கேனரில் எட்டு மானிகளை ஒரே திரையில் வைத்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் இரண்டு செக்கனுக்கு ஒருமுறைதான் புதுப்பிக்கப்படும். செக்கனுக்கு ஒருமுறை மாறும் சென்சரை இரண்டு செக்கனுக்கு ஒருமுறை எட்டிப் பார்த்தால் என்ன தெரியும்? முன் சென்சர் செத்ததுபோல நிற்கும். ஆடும் பின் சென்சரோ அமைதியாகத் தெரியும். நல்ல கொன்வெர்ட்டர் கெட்டதாகவும் கெட்டது நல்லதாகவும் மாறிவிடும். 2008க்கு முந்திய, கே லைன் முறையில் பேசும் கார்களில் நிலைமை இன்னும் மோசம். அந்த இணைப்பின் வேகமே செக்கனுக்கு 10.4 கிலோபிட்தான்.

ஈஎல்எம் 327 என்ற பெயரில் விற்கும் போலிகளின் பதிப்பு எண்களையும் நம்ப வேண்டாம். பெட்டியில் 1.5 என்று போட்டிருக்கும். அசல் நிறுவனம் அப்படியொரு பதிப்பை வெளியிட்டதே இல்லை. ஆனாலும் 1.5 என்று விற்பவற்றில் பல ஒழுங்காக வேலை செய்கின்றன, 2.1 என்று விற்பவற்றில் பலவற்றுக்குப் பாதிக் கட்டளைகள் புரிவதில்லை. என்னுடையது 1.5.

மந்தத்தைச் சமாளிக்க வழி உண்டு. திரையில் இரண்டே இரண்டு மானிகளை வையுங்கள்: பேங்க் 1 சென்சர் 1 (முன் சென்சர்), பேங்க் 1 சென்சர் 2 (பின் சென்சர்). பேங்க் 1 என்பது எஞ்சினின் முதல் சிலிண்டர் இருக்கும் பக்கம். மற்ற எல்லாவற்றையும் நீக்குங்கள். எஞ்சினை 2500இல் மூன்று நிமிடம் பிடித்துக் கொன்வெர்ட்டரைச் சூடாக்குங்கள். 250, 300 பாகை செல்சியசுக்குக் கீழே அது வேலையே செய்யாது. கொழும்புக் காலி வீதி நெரிசலில் அரை மணித்தியாலம் ஊர்ந்து வந்த காரை நிறுத்திய உடனே சோதித்தால், சூடு போதாமலே "போய்ட்டுது" என்று தீர்ப்புச் சொல்லிவிடுவார்கள்.

ஹைபிரிட் என்றால் எஞ்சின் தானாக நின்றுவிடும் என்பதால் பராமரிப்பு நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். பிரியஸ், அக்குவா போன்றவற்றில் பிரேக்கை மிதிக்காமல் பவர் பட்டனை இரண்டு தடவை அழுத்துங்கள். பிறகு கியர் P நிலையில் அக்சிலரேட்டரை முழுதாக இரண்டு தடவை, N நிலையில் இரண்டு தடவை, திரும்ப P நிலையில் இரண்டு தடவை மிதித்துவிட்டு, பிரேக்கை மிதித்து ஸ்டார்ட் செய்யுங்கள். இவ்வளவும் ஒரு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். அதன்பின் எஞ்சின் இடைவிடாமல் ஓடும்.

இன்னொரு பொறியும் இருக்கிறது. பல டொயோட்டா எஞ்சின்களில் முன்னால் இருப்பது ஏர் ஃபியூவல் சென்சர். அது அப்படி ஆடாது. காற்று, பெற்றோல் கலவை சரியாக இருந்தால் டொயோட்டாவின் சொந்த ஸ்கேனரில் 3.3 வோல்ட்டில் நிற்கும், சில பொதுச் செயலிகள் அதையே ஐந்தால் வகுத்து 0.66 என்று காட்டும். இதைப் பார்த்து "முன் சென்சர் செத்துவிட்டது" என்று நல்ல சென்சரைக் கழற்றுகிற வேலை கொழும்பில் நிறையவே நடக்கிறது.

இந்த ஸ்கேனரின் மந்தம் தொடாத ஒரு சோதனை இருக்கிறது. அதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன். சூடான எஞ்சினை 2500இல் சில செக்கன் பிடித்து, காலைச் சட்டென்று எடுங்கள். பெற்றோல் ஒரு கணம் வெட்டப்படும், காற்று மட்டும் போகும். பின் சென்சர் 0.70, 0.69 என்று நின்ற இடத்திலிருந்து 0.05க்கு விழும். பிறகு பெற்றோல் திரும்பி வரும்போது முன் சென்சர் உடனே எழும்பும். பின் சென்சரைப் பாருங்கள். 0.05, 0.05, 0.08, 0.07 என்று அது கீழேயே கிடக்க வேண்டும், சில செக்கன் கழித்தே ஏற வேண்டும். கொன்வெர்ட்டர் தான் சேமித்த ஒக்சிஜனைச் செலவழிக்கும் நேரம் அது. இரண்டும் கைகோத்ததுபோல ஒன்றாக எழும்பினால் உள்ளே சேமிப்பு எதுவும் மிச்சமில்லை. இதைத் தொடர்ந்து மூன்று தடவை செய்து மூன்றிலும் ஒரே விடை வந்தால் நம்பலாம்.

எதிர்பாராமல் கிடைத்த பெரிய நன்மை மோட் 06. செயலியில் சுய பரிசோதனை முடிவுகள் என்ற பகுதிக்குள் இருக்கும், பலர் திறந்தே பார்ப்பதில்லை. அங்கே மொனிட்டர் 21 என்பது பேங்க் 1 கொன்வெர்ட்டர். காரின் கணினி கடைசியாக எடுத்த அளவும், அது தாண்டக்கூடாத எல்லையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். லைட் எரியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அளவு எல்லையை நோக்கி மாதாமாதம் நகர்ந்தால் கொன்வெர்ட்டர் தேய்கிறது என்று அர்த்தம். எல்லைக்கு வெகு தூரத்தில் இருந்தது திடீரென்று தாண்டினால் முதலில் வேறு காரணத்தைத் தேடுங்கள். கணினியே தன் வேகத்தில் அளந்து வைத்த எண் என்பதால் ஸ்கேனரின் மந்தம் இதைக் கெடுப்பதில்லை. ஜப்பான் சந்தைக்கென்று செய்யப்பட்ட சில பழைய கார்கள் மட்டும் இதைக் காட்டாது.

வேறு காரணம் என்றேன். பி0420இன் முழுப் பெயரில் "சிஸ்டம்" என்ற சொல் இருக்கிறது, அதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சிஸ்டத்தில் சென்சர்கள், குழாய், காஸ்கட், வயர் எல்லாம் அடக்கம். அந்தப் பிழைப் பதிவை அழிக்கும் முன் ஃப்ரீஸ் ஃபிரேமைப் படம் பிடித்து வையுங்கள். கோட் பதிவான கணத்தில் ஆர்பிஎம், லோட், ஃபியூவல் ட்ரிம் (கணினி பெற்றோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) எவ்வளவு என்று அதில் இருக்கும். ஷோர்ட் ட்ரிம், லோங் ட்ரிம் இரண்டையும் கூட்டினால் 5 சதவீதத்துக்குள் இருப்பது நல்லது. கூட்டலாகவோ கழித்தலாகவோ 10ஐத் தாண்டினால் கொன்வெர்ட்டரைத் தொடாதீர்கள், கலவையைச் சரிசெய்யுங்கள். சிலிண்டரில் பெற்றோல் சரியாக எரியவில்லை என்று சொல்லும் பி0300 முதல் பி0304 வரையான கோட் ஏதாவது கூட வந்திருந்தால் பிளக்கும் கொயிலும்தான் முதல் வேலை. செக் எஞ்சின் லைட் விட்டுவிட்டு மின்னினால் காரை ஓட்டவே கூடாது. எரியாத பெற்றோல் கொன்வெர்ட்டருக்குள் போய் எரிந்தால் தேன்கூடே உருகும்.

பிறகு கசிவு. குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடத்தில் எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் மனிஃபோல்ட் பக்கம் காதைக் கொடுங்கள். "டிக் டிக்" என்று கேட்டு, சூடானதும் மறைந்தால் காஸ்கட் கசிகிறது. குழாய்கள் பொருந்தும் ஃபிளேஞ்சின் விளிம்பில் விரல் அகலத்துக்குக் கறுப்பாகவோ சாம்பல் நிறமாகவோ ஒரு கோடு வெளியே நோக்கித் தீட்டியதுபோல இருக்கும். புகைக்குழாய்க்குள் அழுத்தம் ஏறி இறங்குவதால் அந்த இடைவெளி புகையை விடுவதோடு காற்றையும் உள்ளே இழுக்கும். பின் சென்சர் அந்தக் காற்றைப் பார்த்துக் கொன்வெர்ட்டர் கெட்டது என்று பொய் சொல்லும். ஒரு காஸ்கட்டில் முடிய வேண்டிய வேலை இலட்சக் கணக்கில் போவது இங்கேதான், இதை நினைத்தால் எனக்கு உண்மையாகவே வயிறு எரிகிறது.

அடைபட்ட கொன்வெர்ட்டர் வேறு நோய். பி0420 வராமலும் இருக்கலாம். கடுகண்ணாவ ஏற்றத்தில் கார் மூச்சு முட்டும், அக்சிலரேட்டரை மிதித்தாலும் ஆர்பிஎம் ஏறாது. இதற்கு ஸ்கேனர் உதவாது, பிரஷர் கேஜ் வேண்டும். முன் சென்சரைக் கழற்றி, அந்த 18 மில்லிமீற்றர் புரியில் கேஜைப் பூட்டுங்கள். ஐட்லிங்கில் 1.5 பிஎஸ்ஐக்குள், 2500இல் 3 பிஎஸ்ஐக்குள் இருந்தால் அடைப்பு இல்லை. இன்ஃப்ராரெட் கன் பிடித்து முன்னுக்கும் பின்னுக்கும் சூட்டை ஒப்பிடுவதை நான் நம்புவதில்லை. பளபளக்கும் இரும்பு வெப்பக் கதிர்களைத் திருப்பி அடிப்பதால் அளவே பிழையாக வரும். ஒழுங்காக எரிக்கும் எஞ்சினில் கொன்வெர்ட்டருக்கு வேலை குறைவு, சூட்டு வித்தியாசமும் குறைவு. ரப்பர் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்ப்பது பலன் தரும். உள்ளே கல் உருளும் சத்தம் கேட்டால் தேன்கூடு உடைந்துவிட்டது.

எல்லாம் பார்த்து, கொன்வெர்ட்டரே போய்விட்டது என்று உறுதியானாலும் எதனால் போனது என்று தெரியாமல் புதியதைப் பூட்டாதீர்கள். ஒயில் குடிக்கும் எஞ்சின் என்றால் ஒயிலில் உள்ள பொஸ்பரஸ் புதிய பூச்சையும் மூடும். ஹெட் காஸ்கட் வழியே கூலன்ட் எரிந்தாலும் அதே கதி. கெமிக்கல் ஊற்றிக் கழுவித் தருகிறோம் என்பவர்களால் இந்த நஞ்சை எடுக்க முடியாது. நகரத்துக்குள்ளேயே ஓடி, எல்லைக்கு மிக அருகில் மட்டும் இருக்கிற கார் என்றால், கொட்டாவையிலிருந்து காலிவரை அதிவேகப் பாதையில் ஒருதடவை ஓடிவந்து மோட் 06ஐத் திரும்பப் பாருங்கள். கரிப்படிவு மட்டும் என்றால் எண் நகரும்.

கொழும்பின் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பழையது வாங்குவதென்றால் டோர்ச் அடித்துத் தேன்கூட்டின் இரண்டு முகத்தையும் பாருங்கள். உருகிய இடம், வெள்ளைச் சாம்பல், ஒயில் ஈரம் எதுவும் இருக்கக்கூடாது. பாகத்தின் எண் உங்கள் எஞ்சினுக்குரியதா என்று ஒப்பிடுங்கள். உங்கள் பழையதைக் கையில் கேட்டு வாங்குங்கள், உள்ளே இருக்கும் உலோகத்துக்குப் பெறுமதி இருக்கிறது. உள்ளே உடைத்து வெற்றுக் குழாயாக்கித் தருகிறோம், பின் சென்சரைப் புகையிலிருந்து தள்ளி வைக்கும் ஸ்பேசர் போட்டு லைட்டை அணைக்கிறோம் என்று சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அந்தப் புகையைச் சுவாசிப்பது பள்ளிக்கூட வாசலில் நிற்கும் பிள்ளைகள். எமிஷன் டெஸ்டில் பாஸ் என்பதையும் ஆதாரமாக எடுக்காதீர்கள். பெற்றோல் காருக்கு அங்கே அளப்பது கார்பன் மொனொக்சைட்டையும் ஹைட்ரோகார்பனையும், அதுவும் நிறுத்தி வைத்து. நைட்ரஜன் ஒக்சைட்டு அதில் தெரியாது.

சில ஆயிரம் ரூபாச் சாமான் இவ்வளவையும் காட்டுகிறது என்றால் அதைக் குறை சொல்வது நியாயமில்லைதான். இருந்தும் நண்பருக்கு நான் சொன்னது: வாங்காதே. இதே விலையில் வாங்கினால் இரண்டு செக்கனுக்கு ஒருமுறை துள்ளும் அளவைப் பார்த்து நீ குழம்புவாய், கராஜ்காரர் சொல்வதுதான் சரி என்று முடிவெடுப்பாய். வாங்குவதென்றால் சேர்த்து வைத்து வேகமான ஒன்றாக வாங்கு. இப்போதைக்கு சனிக்கிழமை காரைக் கொண்டு வா, என்னுடையதைச் செருகிப் பார்ப்போம். எஞ்சின் ஆறாமல் நேரே வா. அந்த பி0420ஐ மட்டும் யாரையும் அழிக்க விடாதே. அழித்தால் ஃப்ரீஸ் ஃபிரேமும் மோட் 06 எண்ணும் போய்விடும், கணினியின் சுய பரிசோதனை (மொனிட்டர்) திரும்ப முடியும்வரை நீ நாட்கணக்காக ஓட்டித் திரிய வேண்டிவரும்.