பருவுக்கு எது: பென்சாயில் பெராக்சைடா, அடாபலீனா?

பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும் எங்கள் மெடிக்கலுக்கு ஒரு தனிக் கூட்டம் வரும். கையில் டாக்டர் சீட்டு இருக்காது. பக்கத்தில் தெரிந்தவர் யாராவது நிற்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, “அண்ணா, பருவுக்கு நல்லதா ஒரு க்ரீம்” என்பார்கள். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான்: “காலேஜ் திறக்கறதுக்குள்ள போயிருமா?”

முழுசாகப் போகாது. அதை முதலிலேயே சொல்லிவிடுவேன். அப்புறம் ட்யூப்லைட் பக்கம் முகத்தைத் திருப்பச் சொல்வேன். என்ன மாதிரிப் பரு என்று தெரியாமல் டியூபை எடுத்து என்ன பயன்?

வயசுக்கு வரும்போது ஹார்மோன் ஏறி, தோலின் எண்ணெய்ச் சுரப்பிகள் அதிகமாகச் சுரக்கின்றன. அந்த எண்ணெயும் உதிர்ந்த தோலும் சேர்ந்து துளையை அடைக்கின்றன. வாய் மூடிய அடைப்பு வெள்ளைப் பொரி மாதிரி தெரியும். வாய் திறந்திருந்தால் நுனி கறுத்துக் கரும்புள்ளி ஆகும். அது அழுக்கு இல்லை, எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அடைப்புக்குள் கிருமி பெருகினால்தான் சிவந்து, வலித்து, சீழ் வைக்கும். நம் இரண்டு போட்டியாளர்களில் பென்சாயில் பெராக்சைடு இந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்த்துக்கொள்கிறது. அடாபலீன் முதல் கட்டத்திலேயே கை வைக்கிறது.

பென்சாயில் பெராக்சைடு துளைக்குள் ஆக்ஸிஜனை விடுகிறது. பருக் கிருமிக்கு ஆக்ஸிஜன் ஆகாது. ஆன்டிபயாட்டிக் போல இதற்குக் கிருமி பழகிப்போவதும் இல்லை. 2.5, 5, 10 சதவீதங்களில் வருகிறது. பையன்கள் பெரிய எண்ணைத்தான் கேட்பார்கள். ஆனால் 2.5-க்கும் 10-க்கும் பலனில் பெரிய வித்தியாசம் இல்லை. எரிச்சலிலும் தோல் வறண்டு போவதிலும்தான் வித்தியாசம். சிவந்த பரு மூன்று நான்கு வாரத்தில் அடங்க ஆரம்பிக்கும். ஒரு தொல்லை உண்டு, துணியை வெளுத்துவிடும். போன வருஷம் ஒரு பையன் நீலத் துண்டு ஒன்றைக் கொண்டுவந்து காட்டினான். அவன் முகம் துடைத்த இடமெல்லாம் ஆரஞ்சும் வெள்ளையுமாகத் திட்டுத்திட்டாக இருந்தது. “துண்டே இப்படி ஆச்சே, என் மூஞ்சி?” என்று பயந்துவிட்டான். முகத்துக்கு ஒன்றும் ஆகாது, சாயத்தோடுதான் அதற்குச் சண்டை. வெள்ளைத் தலையணை உறை போட்டுக்கொண்டால் போதும்.

அடாபலீன் வேறு ரகம். துளை அடைபடாமல் பார்த்துக்கொள்ளும். அதனால் பரு மேல் புள்ளி வைப்பது வீண். பட்டாணி அளவு எடுத்து, ராத்திரி காய்ந்த முகம் முழுக்க மெல்லிசாகத் தடவ வேண்டும். முதலில் ஒரு நாள் விட்டு ஒரு நாள் போட்டால் தோல் பழகிக்கொள்ளும். சோதனை ஆரம்ப வாரங்களில்தான். தோல் உரியும், உள்ளே ஒளிந்திருந்த பருவும் மேலே வரும். அந்தச் சமயத்தில்தான் அம்மாக்கள் டியூபைத் திருப்பிக் கொண்டுவருவார்கள். “இதைப் போட்டு இன்னும் ஜாஸ்தியாயிடுச்சுங்க.” இன்னும் கொஞ்ச நாள் பொறுங்கள் என்றால் என்னைப் பார்க்கிற பார்வை இருக்கிறதே! ஆனால் 12 வாரம் முடியாமல் இதற்கு மார்க் போடக் கூடாது. அமெரிக்காவில் 2016 முதல் 0.1 சதவீத ஜெல்லைச் சீட்டில்லாமலே விற்கிறார்கள். இருந்தாலும் நான் ஒருமுறை டாக்டரிடம் முகத்தைக் காட்டிவிட்டு வரச் சொல்வேன். கர்ப்பமாக இருப்பவர்கள் இதைத் தொடக் கூடாது.

நம் மாநிறத் தோலில் பரு போனாலும் கறுப்புத் தழும்பு மாசக்கணக்கில் நிற்கும். பாதிப் பேருடைய கவலை பருவே இல்லை, இந்தத் தழும்புதான். அதற்கும் அடாபலீன் மெதுவாக உதவும், பகலில் சன்ஸ்க்ரீன் போட்டால். இந்தக் காரணத்துக்காகவே, ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் என் ஓட்டு அடாபலீனுக்கு. முகமெல்லாம் சிவந்த பரு, காலேஜுக்கு ஒரு மாசம்தான் இருக்கிறது என்றால் பெராக்சைடு. காலையில் அது, ராத்திரி இது என்று இரண்டையும் சேர்த்தும் எழுதுவார்கள், ஒரே டியூபிலும் வருகிறது. கிளிண்டாமைசின் என்கிற ஆன்டிபயாட்டிக் ஜெல்லை மட்டும் தனியாக மாசக்கணக்கில் போடாதீர்கள். கிருமி பழகிவிடும், கூடவே பெராக்சைடு வேண்டும்.

போட்டியில் சேர்க்கவே கூடாத மூன்றாவது டியூப் ஒன்று இருக்கிறது. ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்தது. மங்குக்கு, டாக்டர் கண்காணிப்பில், கொஞ்ச காலத்துக்கு மட்டும் போட வேண்டியது. மொமெட்டசோன் ஒரு ஸ்டீராய்டு. போட்ட சில நாளில் சிவப்பு அடங்கி முகம் பளிச்சென்று ஆகும். வேகத்தில் பெராக்சைடும் அடாபலீனும் கிட்டவே வர முடியாது. அதனால்தான் ஹாஸ்டல் அறைக்கு அறை கைமாறுகிறது. சில மாசம் போனால் தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, பெண் பிள்ளைகளுக்குக் கன்னத்தில் முடிகூட வளரும். நிறுத்தினால் பரு முன்னைவிடக் கொத்தாக வரும், திரும்பவும் அதையே தேடிப் போக வேண்டியதுதான். 2018-ல் அரசு ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் எச் பட்டியலுக்குள் கொண்டுவந்தது. சீட்டில்லாமல் கொடுக்கக் கூடாது. கொடுக்கிற கடைகள் இன்னும் இருக்கின்றன, அதுதான் வயிற்றெரிச்சல். டியூபில் ‘-சோன்’, ‘-சால்’ என்று முடிகிற பெயர் எது இருந்தாலும் டாக்டரிடம் கேட்காமல் முகத்தில் போடாதீர்கள்.

எலுமிச்சைச் சாறும் டூத்பேஸ்ட்டும் எரிச்சலைத்தான் தரும். பத்தாம் வகுப்பில் பேஸ்ட் வைத்துக் கன்னம் வெந்து போனவன் சொல்கிறேன். நெற்றியில் மட்டும் ஒரே அளவில் பொடிப்பொடியாக இருந்தால் தலைக்கு வைக்கும் எண்ணெயை முதலில் குறைத்துப் பாருங்கள். அரிப்பும் இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம், அதற்கு இந்த இரண்டு டியூபும் சரிவராது.

தொட்டால் உள்ளே உருண்டையாக வலிக்கிறதா, ஆறின இடத்தில் குழி விழுகிறதா, நேரே தோல் டாக்டரிடம் போய்விடுங்கள். அந்த நிலையில் பெரும்பாலும் ஐசோட்ரெட்டினாயின் மாத்திரைதான் பேச்சுக்கு வரும். எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கிவிடும். உதடு வெடிக்கும், ரத்தத்தில் கொழுப்பும் கல்லீரலும் பார்க்க வேண்டும், கருவில் இருக்கும் குழந்தையைக் கடுமையாகப் பாதிக்கும். அதையும் சீட்டில்லாமல் ஒருத்தன் கேட்டான், நண்பனுக்கு நல்லாக் கேட்டதாம்.