டோட்டல் லாஸ் தொகையை மறுத்துப் பார்த்த அனுபவம்

அமெரிக்காவில் பல ஆண்டுகளாகக் கார் காப்பீட்டுக்குப் பிரீமியம் கட்டிவருகிறேன். பெரிய இழப்பீடு கேட்க நேர்ந்தது இரண்டு முறை. ஒரு கார் முழுச் சேதம் (டோட்டல் லாஸ்) என்று கழிக்கப்பட்டது. இன்னொன்று பழுது நீங்கித் திரும்பி வந்தது. இரண்டிலும் முதலில் சொன்ன தொகையை நான் ஏற்கவில்லை. முதலாவதில் நல்ல பலன் கிடைத்தது. இரண்டாவதில் கிடைத்தது அரைகுறைதான்.

முழுச் சேதம் என்றால் வண்டி அப்பளமாக நொறுங்கியிருக்க வேண்டும் என்பதில்லை. அது வெறும் கணக்கு. பழுதுச் செலவு காரின் மதிப்பில் 80 சதவீதத்தைத் தொட்டால் புளோரிடாவில் முழுச் சேதம், நியூயார்க்கில் 75, டெக்சஸில் 100. கலிபோர்னியாவில் பழுதுச் செலவோடு, உடைந்த வண்டியை அப்படியே விற்றால் கிடைக்கும் விலையையும் கூட்டி, அது காரின் மதிப்பைத் தொடுகிறதா என்று பார்க்கிறார்கள். என் வண்டி ஓடும் நிலையில்தான் இருந்தது. ஆனாலும் கணக்கு அதைக் கொன்றுவிட்டது.

காப்பீட்டு நிறுவனம் தர வேண்டியது விபத்துக்குச் சற்று முன் அந்தக் காருக்கு இருந்த சந்தை மதிப்பு. கடன் பாக்கி எவ்வளவு என்பதோ, புதிய கார் என்ன விலை என்பதோ அதில் சேராது. கடன் மதிப்பை மிஞ்சினால் காப்பாற்றுவது ‘கேப்’ காப்பீடு மட்டுமே.

தொலைபேசியில் ஒரு தொகையைச் சொல்லி, "சம்மதமா?" என்று கேட்பார்கள். அப்போது கேட்க வேண்டியது ஒன்றுதான்: முழு மதிப்பீட்டு அறிக்கை. எனக்கு அனுப்பியதில் முதல் பக்கம் கம்பீரமாக இருந்தது. கோளாறு எல்லாம் உள்ளே. வண்டியின் 17 எழுத்து அடையாள எண்ணை மென்பொருள் படித்து, என் காரை அந்த மாடலின் அடிப்படை வகையாகப் பதிந்திருந்தது. தோல் இருக்கை, சன்ரூஃப், பாதுகாப்புத் தொகுப்பு எதுவும் கணக்கில் இல்லை. ஒப்பிட எடுத்த கார்களில் ஒன்று என்னுடையதைவிட மிக அதிக மைல் ஓடியது. ‘நிலை’ என்ற தலைப்பில் ஒரு கழிவு. காரணம் ஒரு வரிகூட இல்லை. விளம்பர விலையில் பேரம் பேசிக் குறைத்திருப்பார்கள் என்ற அனுமானத்தில் இன்னொரு கழிவு. இந்தப் பேரக் கழிவை எதிர்த்து அந்நாட்டில் வழக்குகளே நடந்திருக்கின்றன.

கோபத்தை இறக்கிவைக்க ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் எதிர்முனையில் இருப்பவர் ஆதாரம் இல்லாமல் தொகையை மாற்ற முடியாது. புதிய விவரங்களைக் கொடுத்து மென்பொருளை மறுபடி ஓட்டத்தான் முடியும். ஆகவே அவருக்கு வேண்டியதைக் கொடுத்தேன். எந்தப் பக்கத்தில் எது தவறு என்று ஒரு கடிதம், கார் வாங்கியபோது கண்ணாடியில் ஒட்டியிருந்த விவரத்தாளின் நகல், அதே வகைக் கார்களின் அருகாமை விளம்பரங்கள். விளம்பரங்களைத் தேதியோடும் அடையாள எண்ணோடும் படமெடுத்து வைக்க வேண்டும், விற்றவுடன் மறைந்துவிடும். ஆயில் மாற்றிய ரசீதுகளை யாரும் மதிக்கவில்லை. புது டயர்களுக்கு மட்டும் கொஞ்சம் கூட்டினார்கள். பல மாநிலங்களில் விற்பனை வரியும் பதிவுக் கட்டணமும் சேர்த்தே தர வேண்டும்; அதையும் கேட்டு வாங்கினேன்.

இதற்கிடையே நெருக்கடி கொடுப்பது நாட்காட்டி. தொகை சொன்ன சில நாட்களில் வாடகைக் காருக்கான பணம் நின்றுவிடும். சேதமான வண்டி நிற்கும் இடத்துக்குத் தினக்கட்டணம் ஏறும். வண்டியைத் தங்கள் இடத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதித்தேன். உரிமைப் பத்திரத்தில் மட்டும் கையெழுத்திடவில்லை. வண்டி போகும் முன் அதை உள்ளும் புறமும் படமெடுத்துக்கொண்டேன்.

மறுபடி கணக்கிட்டுச் சொன்ன தொகையும் குறைவாகவே இருந்ததால் பாலிசியில் இருந்த ‘அப்ரைசல்’ பிரிவைப் பயன்படுத்தினேன். இரு தரப்பும் ஒவ்வொரு மதிப்பீட்டாளரை நியமிக்கும். அவர்கள் ஒத்துப்போகாவிட்டால் நடுவர் வருவார். மூவரில் இருவர் ஒப்புக்கொண்ட தொகை இறுதியானது. நம் மதிப்பீட்டாளர் கட்டணம் நம்முடையது. நடுவர் செலவு பாதிப் பாதி. சில நூறு டாலர் வித்தியாசத்துக்கு இதில் இறங்குவது வீண். என் வழக்கில் வித்தியாசம் பெரிது. நடுவர் வரை போகாமலே முடிந்தது.

மாநிலக் காப்பீட்டுத் துறைக்குப் புகார் அனுப்பினால் நிறுவனம் எழுத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அதுவரை கேட்ட கேள்விக்குப் பதிலே வராதவர்களுக்கு இது நல்ல மருந்து. விலையைத் துறை தீர்மானித்துத் தரும் என்று மட்டும் எதிர்பார்க்கக் கூடாது.

இரண்டாவது கார் மீது வேறொருவர் வந்து மோதினார். இழப்பீடு தர வேண்டிய அவருடைய காப்பீட்டு நிறுவனத்தோடு எனக்கு ஒப்பந்தம் இல்லை என்பதால் அப்ரைசல் பிரிவும் இல்லை. பழுது நன்றாகவே பார்த்தார்கள். ஆனால் விபத்து வரலாறு ஏறிய காருக்கு மறுவிற்பனை விலை இறங்கும்; அந்த இழப்பைக் கேட்டேன். வந்த பதிலில் ‘17சி’ என்ற சூத்திரம் இருந்தது. 2001இல் ஜார்ஜியா உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கை ஒட்டிப் பிறந்தது அது. காரின் மதிப்பில் 10 சதவீதத்தை உச்சவரம்பாக வைத்து, அங்கிருந்து சேதத்துக்கும் மைலுக்கும் குறைத்துக்கொண்டே போகும். டீலர் ஒருவர் எழுத்தில் தந்த விலையைக் காட்டிச் சற்று உயர்த்த முடிந்தது. மோதியவர் மீது சிறுவழக்கு நீதிமன்றத்துக்குப் போயிருக்கலாம். அந்தத் தொகைக்கு அவ்வளவு அலைச்சல் வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

சில நிறுவனங்கள் அப்ரைசல் பிரிவைப் பாலிசியிலிருந்து நீக்கி வருகின்றன. எனக்கு வந்த புதுப்பிப்புப் பத்திரத்திலும் அது காணாமல் போயிருந்தது. பிரீமியம் கொஞ்சம் கூடுதல் என்றாலும், அது இருக்கும் வேறு நிறுவனத்துக்கு மாறிவிட்டேன்.