பெண்களுக்கென்று சொல்லி விற்கும் இளஞ்சிவப்பு மாத்திரை: கும்பகோணம் பக்கத்தார் கவனத்துக்கு

கும்பகோணத்தில் ஒரு மருந்துக் கடையில், 'பெண்களுக்கென்றே வந்திருக்கிறது' என்று சொல்லி ஓர் இளஞ்சிவப்பு மாத்திரையைத் தள்ளிவிடுகிறார்கள். வாங்கிவிடாதீர்கள். அது ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கான மருந்து.

மாதவிடாய் நின்ற பிறகு எனக்குத் தாம்பத்தியத்தில் வலி. இதை வலங்கைமானில் தெரிந்த கடையில் கேட்க முடியுமா? நான் வீடு வந்து சேருமுன் தெரு முழுக்கத் தெரிந்துவிடும். கும்பகோணத்துக் கடைக்காரருக்கு இந்தக் கூச்சம்தான் மூலதனம். குரலைத் தாழ்த்தி, "புரிகிறது அம்மா" என்றார். மருத்துவச் சீட்டு கேட்கவில்லை. ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறேனா என்றும் கேட்கவில்லை. நான்கு மாத்திரைக்கு அறுநூறு ரூபாய், பில் கிடையாது. பெயர் அச்சிட்ட ஓரத்தைக் கத்தரிக்கோலால் நறுக்கிவிட்டுத்தான் பட்டையைக் காகித உறையில் போட்டார்.

அன்றிரவு ஒன்றை விழுங்கினேன். சற்று நேரத்தில் முகம் அனலாய்க் காந்தியது. மூக்கு அடைத்தது, தலை விண்விண்ணென்று தெறித்தது, எழுந்து நின்றால் கண் இருட்டியது. எதற்காக வாங்கினேனோ அதில் மட்டும் ஒரு மாற்றமும் இல்லை.

மறுநாள் என் மகள் பட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கத்தரிக்குத் தப்பி '...னாஃபில் 100 மி.கி.' என்பது மட்டும் மிஞ்சியிருந்தது. சில்டெனாஃபில்! வயாகராவில் இருக்கும் அதே மருந்து. ஆண்களுக்கே வழக்கமாக 50 மில்லிகிராமில்தான் தொடங்குவார்கள்.

மகளிர் மருத்துவர் விளக்கினார். இம்மருந்து ரத்தக் குழாய்களைத் தளர்த்துகிறது. பெண்ணுறுப்புக்கும் ரத்த ஓட்டம் கூடலாம். ஆனால் அதனால் ஆசை பிறந்துவிடாது. வயாகராவைத் தயாரித்த ஃபைசர் நிறுவனமே ஏறத்தாழ 3,000 பெண்களிடம் சோதித்துப் பார்த்து, உறுதியான பலன் தெரியாமல் 2004-இல் அந்த முயற்சியைக் கைவிட்டது. என் வலிக்குக் காரணம் ஹார்மோன் குறைவால் வந்த வறட்சி; அதற்கு ஈஸ்ட்ரோஜன் களிம்பு எழுதிக் கொடுத்தார். விலையும் அந்த அறுநூறுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை.

நுரையீரல் ரத்த அழுத்த நோய்க்குப் பெண்களுக்கும் சில்டெனாஃபில் கொடுப்பதுண்டு. அப்படிச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு நிறுத்திவிட வேண்டாம். ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மாத்திரையோடு இது சேர்ந்தால் ரத்த அழுத்தம் உயிருக்கே ஆபத்தாகும் அளவுக்குச் சரிந்துவிடும். என் மாமியாருடைய சார்பிட்ரேட் டப்பாவும் இந்த உறையும் ஒரே அலமாரியில்தான் இருந்தன. நினைத்தால் இப்போதும் பதறுகிறது.

கடைக்குப் போய்க் கேட்டேன். "நாங்கள் அப்படி எதுவும் விற்பதே இல்லை, பில் இருந்தால் காட்டுங்கள்" என்றார், குரலைத் தாழ்த்தாமல், நாலு பேர் திரும்பிப் பார்க்கும்படி. நானும் உரக்கவே பதில் சொல்லிவிட்டு வந்தேன்.

மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதி, மீதி மாத்திரைகளைப் பட்டையோடு ஒப்படைத்திருக்கிறேன். இதே போல் நறுக்கிய பட்டை உங்கள் வீட்டில் இருந்தால் எறிந்துவிடாமல் நீங்களும் அதோடு போய்ப் புகார் கொடுங்கள்.