காலையில் கேட்ட கடகட சத்தமும் ஆயில் ஃபில்டரும்: 1,10,000 கி.மீ. அனுபவம்

வீடு வேலூர் சத்துவாச்சாரியில், வேலை ராணிப்பேட்டை சிப்காட்டில். 2016இல் வாங்கிய 1.2 லிட்டர் பெட்ரோல் ஹேட்ச்பேக் இப்போது 1,10,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அல்லது வருடத்துக்கு ஒருமுறை, எது முதலில் வருகிறதோ அப்போது என்ஜின் ஆயிலும் அதை வடிகட்டும் ஃபில்டரும் மாற்றிவிடுவேன். ஆயில் எந்த கிரேடு என்று அலசி ஆராய்ந்து வாங்கிய நான், ஃபில்டரைப் பற்றி ரொம்ப நாள் யோசித்ததே இல்லை.

50,000 கிலோமீட்டர் சர்வீஸுக்கு முன்பு வரைக்கும் கம்பெனி ஃபில்டர்தான். அந்த முறை ஊருக்குள் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் "ஒரிஜினல்தான் சார்" என்று கொஞ்சம் விலை குறைத்துக் கொடுத்தார்கள். டப்பாவும் அச்சு அசல் அதே மாதிரி. பத்து நாள் கழித்துக் காலையில் ஸ்டார்ட் செய்தால் இரண்டு மூன்று விநாடி கடகடவென்று ஒரு சத்தம். சிவப்பு ஆயில் லைட்டும் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் அணைந்தது. அதற்கப்புறம் நாள் முழுக்க வண்டி நன்றாக ஓடும். சாயங்காலம் சிப்காட்டிலிருந்து கிளம்பும்போது சத்தம் லேசாக, மறுநாள் காலையில் பலமாக.

காகிதப்பட்டறையில் எங்கள் மெக்கானிக் அண்ணன் ஷெட்டுக்குப் போனேன். பானெட்டைத் திறப்பதற்கு முன்பே கேட்டார்: "ஃபில்டர் எங்க சார் வாங்கினீங்க? காலைல மட்டும்தானே சத்தம் கேட்டுகினு இருக்குது?"

என் வண்டியில் ஃபில்டர் படுத்தவாக்கில் இருக்கிறது. என்ஜினை நிறுத்தியதும் உள்ளே இருக்கும் ஆயில் கீழே வடிந்துவிடாமல் பிடித்துவைக்க ஃபில்டருக்குள் ஒரு ரப்பர் வளையம் உண்டு. ஆன்டி டிரெயின்பேக் வால்வு என்பார்கள். அது சரியாக மூடாவிட்டால் ராத்திரியில் ஃபில்டரிலுள்ள ஆயில் என்ஜினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டிக்கு (சம்ப்) இறங்கிவிடும். காலையில் பம்ப் முதலில் காலி ஃபில்டரை நிரப்பி, பிறகுதான் மேலே என்ஜின் வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் வரை ஆயிலை அனுப்ப முடியும். அந்த இரண்டு மூன்று விநாடி இரும்பும் இரும்பும் போதிய ஆயில் இல்லாமல் உரசுகின்றன. தினமும் அப்படி நடந்தால் என்ஜினுக்கு எவ்வளவு தேய்மானம் என்று நினைத்தபோது எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கியது.

அன்றைக்கே கழற்றினோம். நான் ஹேக்ஸாவை எடுக்கப்போனேன், அண்ணன் தடுத்துவிட்டார். அறுத்தால் இரும்புத்தூள் உள்ளே விழுந்து, எது என்ஜினிலிருந்து வந்தது, எது அறுத்ததில் வந்தது என்று தெரியாமல் போய்விடுமாம். விளிம்பைக் கிழித்து, தகரம் வெட்டும் கத்திரியால் சுற்றிலும் வெட்டினார். பக்கத்திலேயே என் பழைய கம்பெனி ஃபில்டர் ஒன்றையும் வெட்டிவைத்தார். பழையதில் காகித மடிப்புகள் நெருக்கமாக, ஒரே சீராக, ஓரம் வரை பசை பிடித்து நின்றன. ரப்பர் வளையம் 10,000 கிலோமீட்டர் ஓடிய பிறகும் விரலால் அழுத்தினால் மெத்தென்று திரும்பி வந்தது. புதியதில் மடிப்புகள் பாதிதான் இருக்கும், இரண்டு இடத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன. ரப்பர் பத்தே நாளில் விறைத்து, ஓரம் வளைந்துவிட்டது. பைபாஸ் வால்வின் ஸ்பிரிங்கைக் கட்டைவிரலால் சும்மா தொட்டாலே அமுங்கியது. ஃபில்டர் அடைத்துக்கொண்டால் என்ஜின் ஆயில் இல்லாமல் தவிக்கக் கூடாது என்று வைத்திருக்கும் வழி அது. ஸ்பிரிங் இவ்வளவு தளர்வாக இருந்தால் எப்போதும் திறந்தே இருக்கும், ஆயில் வடிகட்டாமலே சுற்றும்.

அதற்குப் பிறகு பாஷ் இரண்டு முறை, பியூரொலேட்டர் ஒருமுறை, மற்றபடி கம்பெனி ஃபில்டர் என்று போட்டிருக்கிறேன். மூன்றிலும் காலைச் சத்தம் வரவில்லை. என்ஜின் ஸ்டார்ட் ஆனதும் ஆயில் லைட் அணைந்துவிடுகிறது. இவற்றுக்குள் எது உசத்தி என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. பிராண்டைவிட, அது அசலா என்பதுதான் என் கவலை. அதனால் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் பில்லோடு மட்டுமே வாங்குகிறேன். கடையிலேயே டப்பாவைத் திறந்து, துளைகள் வழியாக உள்ளே தெரியும் ரப்பரைச் சுண்டுவிரலால் தொட்டுப் பார்ப்பேன். வண்டிக்கான பார்ட் நம்பரையும் ஒத்துப்பார்ப்பேன், ஏனென்றால் மரை ஒன்றாக இருந்தாலும் வால்வு திறக்கும் அழுத்தம் வேறாக இருக்கலாம்.

மாட்டும்போது ஃபில்டர் வாயைச் சுற்றியுள்ள ரப்பர் வாஷரில் புது ஆயிலைத் தடவி, வாஷர் உட்கார்ந்த பிறகு கையாலேயே முக்கால் சுற்று. ஸ்பேனர் போட்டு இறுக்க விடுவதே இல்லை. பழைய வாஷர் என்ஜினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்றும் தடவிப் பார்த்துவிடுங்கள். அதன் மேலேயே புதியதை மாட்டினால் ஆயில் பீய்ச்சி அடிக்கும்.

போன மே மாதம் அக்னி நட்சத்திர வெயிலில் ஏலகிரியின் 14 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏசி போட்டபடி நான்கு பேரோடு ஏறினேன். ராத்திரி மேலேயே தங்கிவிட்டு, விடியற்காலை குளிரில் ஸ்டார்ட் செய்தபோது காதைக் கூர்மையாக்கிக் கேட்டேன். ஒரு சத்தமும் இல்லை.