செங்குத்துக் காற்றாடி: சுரண்டைப் பக்கத்துத் தோட்டத்தில் நான்கு சீசன்கள்

எங்கள் தோட்டம் தென்காசி மாவட்டத்தில், சுரண்டைக்குப் பக்கத்தில் இருக்கிறது. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று வைகாசியில் பிடித்தால் புரட்டாசி வரை விடாது. சுற்றுவட்டாரம் முழுக்கப் பெரிய காற்றாலைகள் நிற்கிற ஊர் இது. தோட்டத்து வீட்டுக்கு நாங்கள் நட்ட சிறிய செங்குத்துக் காற்றாடி (நிமிர்ந்து நிற்கும் அச்சைச் சுற்றி இறக்கைகள் சுழலும் வகை) இப்போது நான்கு காற்று சீசன்களைத் தாண்டிவிட்டது. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "அண்ணாச்சி, எவ்வளவு கரண்ட் வரும்?" என்றுதான். அதையே முதலில் சொல்லிவிடுகிறேன்.

காற்றாடியில் மூன்று நேரான அலுமினிய இறக்கைகள். நடுவில், பீப்பாயை நெடுக்காக வெட்டி எதிரெதிரே வைத்தது போல இரண்டு வளைவுத் தகடுகள். இறக்கைகள் 1920களில் பிரெஞ்சுப் பொறியாளர் ஜார்ஜ் டாரியஸ் வடிவமைத்த வகையைச் சேர்ந்தவை. நடுத் தகடுகள் பின்லாந்துக்காரர் சவோனியஸின் வழி. டாரியஸ் இறக்கை சுற்ற ஆரம்பித்த பிறகு நன்றாக ஓடும். ஆனால் மெல்லிய காற்றில் தானாகக் கிளம்பத் தடுமாறும், அந்த ஆரம்பத் தள்ளலை சவோனியஸ் தகடுகள் கொடுக்கின்றன. குறுக்களவு ஒன்றரை மீட்டர், உயரம் 2 மீட்டர். ஆக, காற்றை மறிக்கும் பரப்பு 3 சதுர மீட்டர். பெயர்ப்பலகையில் '1 கிலோவாட்' என்று போட்டிருக்கிறது.

வாங்க நினைப்பவர்கள் இந்த 3 சதுர மீட்டரைத்தான் பார்க்க வேண்டும், 1 கிலோவாட்டை அல்ல. காற்றில் இருக்கும் சக்தி வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. நொடிக்கு 5 மீட்டர் வேகக் காற்று இந்தப் பரப்பின் வழியே போகும்போது அதில் மொத்தமே ஏறக்குறைய 225 வாட்தான் இருக்கிறது. எவ்வளவு நல்ல காற்றாடியானாலும் அதில் 59.3 சதவீதத்துக்கு மேல் எடுக்க முடியாது. இது ஜெர்மானிய அறிஞர் பெட்ஸ் கணக்கிட்ட எல்லை. இந்த அளவுச் செங்குத்துக் காற்றாடியில் ஜெனரேட்டர், பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைக் கட்டுப்படுத்தும் கண்ட்ரோலர் இவற்றின் இழப்பெல்லாம் போக, கால்வாசி கையில் வந்தால் நல்ல இயந்திரம். அதாவது 55 வாட் சொச்சம். காற்று 10 மீட்டர் வேகத்துக்கு ஏறினால் அதே இயந்திரம் 450 வாட் தரும். 3 மீட்டருக்கு இறங்கினால் வெறும் 12 வாட். பலகையில் போட்ட 1 கிலோவாட் வர நொடிக்கு 13 மீட்டர், அதாவது மணிக்கு 47 கிலோமீட்டர் காற்று தொடர்ந்து அடிக்க வேண்டும். 12 மீட்டர் கம்பத்தில் அது ஆடியில்கூட எப்போதாவதுதான் வருகிறது.

எங்கள் மின் மீட்டரில் பார்ப்பதும் இதற்கு ஒத்தே போகிறது. ஆடியில் நல்ல காற்று நாளில் 3 யூனிட் வரை ஏறும். சாதாரண சீசன் நாளில் ஒன்றரை, இரண்டு. ஐப்பசி பிறந்துவிட்டால் பங்குனி வரை பெரும்பாலான நாட்களில் கால் யூனிட்கூடத் தேறாது. தமிழ்நாட்டில் 1 கிலோவாட் சோலார் ஆண்டு சராசரியாக ஒரு நாளைக்கு 4 யூனிட் பக்கம் தருகிறது. கம்பம், அஸ்திவாரம், கம்பத்தை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பி எல்லாம் சேர்த்தால் எங்கள் காற்றாடிக்கு அதே அளவு சோலாரைப் போல இரண்டு மடங்குக்கு மேல் செலவானது. கையில் இருக்கும் பணத்துக்கு அதிக யூனிட் வேண்டும் என்பவர்களுக்கு சோலார்தான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் எதற்கு இது? எங்கள் இடத்துக்கு ஒரு தனிக் காரணம் இருக்கிறது. ஆனி, ஆடியில் குற்றாலத்தில் சாரல் விழும்போது மேகம் எங்கள் பக்கமும் வந்து மூடும். சோலார் சோர்ந்துபோகும் அதே வாரங்களில்தான் காற்று உச்சத்தில் இருக்கிறது. ராத்திரியிலும் நிற்பதில்லை. முன்பெல்லாம் சாரல் நாட்களில் விடிவதற்குள் பேட்டரி தளர்ந்து இன்வெர்ட்டர் கத்த ஆரம்பிக்கும். இப்போது தொழுவ விளக்கு, ஃபேன், கேமரா, வைஃபை எல்லாம் விடிய விடிய ஓடிய பிறகும் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம் நிற்கிறது. யூனிட் கணக்கில் சிறியதுதான், ஆனால் தேவையான நேரத்தில் வருகிறது. இதற்காகவே எனக்கு இந்த இயந்திரத்தின் மேல் உண்மையான பிரியம்.

விற்கிறவர்கள் முதலில் சொல்லும் பெருமை, எந்தத் திசைக் காற்றானாலும் சுற்றும் என்பது. அது உண்மை. ஆனால் கணவாய்க்கு எதிரே இருக்கும் ஊரில் சீசன் முழுக்க மேற்கிலிருந்தேதான் காற்று வரும். திசை மாறினால்தானே அந்தக் குணத்துக்கு வேலை? இதே 3 சதுர மீட்டருக்கு வழக்கமான மூன்று இறக்கைக் காற்றாடி வைத்திருந்தால் மின்சாரம் கூடுதலாகவே வந்திருக்கும். செங்குத்து வகையில் நான் விரும்புவது அது மெதுவாகச் சுற்றுவதும் இரைச்சல் குறைவாக இருப்பதும்தான். கம்பத்துக்கு அடியில் கட்டில் போட்டுப் படுக்கலாம். அதே காற்றாடியை மொட்டை மாடியில் வைத்தால் கதை வேறு. பக்கத்து ஊரில் ஒரு வீட்டில் அப்படி வைத்தார்கள். ஜெனரேட்டரின் அதிர்வு தூண் வழியாகக் கீழே இறங்கி, படுக்கையறைச் சுவர் ராத்திரி முழுக்க முனகியது. கடைசியில் கழற்றிவிட்டார்கள்.

பராமரிப்புதான் இதில் பெரிய விஷயம். வழக்கமான படுத்த அச்சுக் காற்றாடியின் இறக்கை பெரும்பாலும் ஒரே பக்கமாகத் தள்ளப்படும். செங்குத்தில் அப்படி இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் இறக்கை காற்றுக்கு முன்பக்கம் வரும்போது ஒரு புறமும், பின்பக்கம் போகும்போது மறுபுறமும் வளைக்கப்படுகிறது. நிமிடத்துக்கு 150 சுற்று என்று வைத்தால், விடாமல் காற்றடிக்கும் ஒரே நாளில் இரண்டு லட்சம் தடவைக்கு மேல். இறக்கையைப் பிடிக்கும் கைகளின் மூட்டில் எங்களுக்கு மயிரிழை விரிசல் வந்தது இரண்டாவது சீசன் முடிவில். விரிசல் ஒரு கையில்தான் என்றாலும் மூன்றையும் சேர்த்தே மாற்றினோம். ஒன்றை மட்டும் மாற்றினால் எடைச் சமன் போய், அதுவே அடுத்த விரிசலுக்கு வழி செய்யும். விற்றவர்களிடம் உதிரிக் கை கேட்டதற்கு மாதக்கணக்கில் பதிலே இல்லை. தென்காசியில் ஒரு பட்டறைக்காரர் பழையதை அளவெடுத்து, தராசில் வைத்து ஒரே எடையாகச் செய்துகொடுத்தார். அவர் செய்த கைகள் இன்றும் உறுதியாக நிற்கின்றன.

அடுத்தது அடிப் பேரிங். சுழலும் பாகத்தின் எடை முழுவதும் அதன் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. செம்மண் தூசி உள்ளே போனால் கிரீஸ் கட்டிதட்டிவிடும். ஒரு கரகரப்புச் சத்தம் கேட்கும், மெல்லிய காற்றில் கிளம்பவும் மறுக்கும். மூன்றாவது சீசனுக்கு முன்னால் மாற்றினோம், நல்ல சீல் உள்ளதாகப் பார்த்து. இது சின்னக் காற்றாடிகளுக்கு மட்டும் வரும் வியாதி இல்லை. கனடாவின் கியூபெக்கில் 110 மீட்டர் உயரத்தில் எயோல் என்று ஒரு ராட்சத டாரியஸ் காற்றாடியை நிறுத்தினார்கள். 1987இல் ஓட ஆரம்பித்தது, ஆறேழு ஆண்டுகளுக்குள் அடிப் பேரிங் பழுதாகி ஓய்ந்துவிட்டது. இன்று மின்சாரத்துக்கு அல்ல, சுற்றுலாப் பயணிகள் பார்ப்பதற்காக நிற்கிறது.

கண்ட்ரோலர் விஷயத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. சோலார் பேனலை பேட்டரியிலிருந்து பிரித்துவிட்டால் ஒன்றும் ஆகாது, சும்மா வெயில் காயும். காற்றாடியைப் பிரித்தால் சுமை போய், வேகம் கட்டுக்கடங்காமல் ஏறும். அதனால் பேட்டரி நிறைந்ததும் மின்சாரத்தை எரித்துத் தீர்க்கும் டம்ப் லோடு கட்டாயம் வேண்டும். அது நன்றாகச் சூடேறும். வைக்கோல் போர், ஓலைக் கொட்டகைப் பக்கம் மாட்டக் கூடாது. ஜெனரேட்டரிலிருந்து வரும் மூன்று ஒயர்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடும் பிரேக் சுவிட்ச் ஒன்றும் இருக்கிறது. வானம் கறுத்து வரும்போதே, மெதுவாகச் சுற்றுகிற நேரத்தில் அதைப் போட்டுவிட வேண்டும். காற்று வெறிபிடித்த பிறகு போட்டால் நிற்காது, சுருள்தான் கருகும். ஐப்பசி இடி மின்னலுக்கு கம்பத்துக்குத் தனி எர்த்தும் போட்டிருக்கிறோம்.

சென்னையிலோ மதுரையிலோ அடுக்குமாடி மேல் வைக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். சுற்றிலும் கட்டடம் இருக்கும் இடத்தில் காற்று உடைந்து, சுழன்று, வலுவிழந்துதான் வரும். திறந்த வெளி, சீசன் காற்று, பக்கத்து மரத்தைவிட உயரமான கம்பம் மூன்றும் இருப்பவர்கள் மட்டும் யோசிக்கலாம். ஆரல்வாய்மொழி, ராதாபுரம், கயத்தாறு, தேனி மாவட்டத்துக் கம்பம், பல்லடம் பக்கத்துத் தோட்டக்காரர்களுக்கு அந்த வாய்ப்பு இருக்கிறது. விற்கிறவரிடம் கேட்க வேண்டியது: சுழலும் பரப்பு எத்தனை சதுர மீட்டர், 5 மீட்டர் காற்றில் எத்தனை வாட், உதிரிக் கையும் பேரிங்கும் கூடவே தருவீர்களா?

இன்னொரு காற்றாடி வாங்கலாமே என்று வீட்டில் பேச்சு வந்தது. நான் அதற்குச் சம்மதிக்கவில்லை. மேற்கு வரப்பில் தென்னை வளர்ந்து காற்றை மறிக்க ஆரம்பித்துவிட்டது. அந்தப் பணத்தில் பத்தடி கூட்டி, கம்பத்தை 15 மீட்டருக்கு உயர்த்தப் போகிறோம். ஸ்டே கம்பிக்குப் புது அஸ்திவாரக் குழி எடுத்தாயிற்று, வைகாசிக்கு முன் ஏற்றிவிட வேண்டும்.